ஹெட்லைட்டுக்கு மஞ்சக்காமாலை

மனுஷனுக்கு மஞ்சக்காமாலை வந்தா எங்க ஊர்ல கீழாநெல்லிய அரைச்சி மோருல கலந்து குடுப்பாங்க, காருக்கு வந்தா இன்னா குடுக்கறதுன்னு தெரியாம ரெண்டு வருஷம் நான் பட்ட பாடுதான் இந்த போஸ்ட். கொஞ்சம் நீளமா போவும், பொறுத்துக்கோங்க.

கதை ஆரம்பிச்சது ஒரு தை மாசம். திருவண்ணாமலைல சொந்தக்காரங்க வீட்டு ரிசப்ஷன், சாப்ட்டு முடிச்சி கெளம்பவே ராத்திரி பத்தரை ஆயிடிச்சி. கலசபாக்கம் வரைக்கும் எதுவும் தெரியல, முன்னாடி ஒரு பஸ் போயிகினு இருந்திச்சி, அதோட வெளிச்சத்துலயே நானும் வந்துட்டேன். போளூர்ல பஸ்ஸு ஸ்டாண்டுக்குள்ள திரும்பிடிச்சி. அதுக்கப்புறம்தான் தெரிஞ்சது என் கார்ல லைட்டுனு ஒண்ணு எரியறதே பேருக்குதான்னு. சந்தவாசல் தாண்டி கண்ணமங்கலம் வர்ற அந்த ரோட்டுல கரும்பு ஏத்தின டிராக்டர் ஒண்ணு, பின்னாடி லைட்டும் இல்ல ரிஃப்லெக்டரும் இல்ல, கரும்பு தோகை மட்டும் காத்துல ஆடுது, நான் அத பாக்கறப்போ ஒரு பத்தடி கூட இருந்திருக்காது. பிரேக்க அழுத்தின அழுத்துல பின் சீட்ல தூங்கிகினு இருந்த எங்க நைனா முன்னாடி வந்து முட்டிகினாரு.

"டேய், லைட்டு போட்டியா இல்லியா?"

"போட்டுதான் நைனா இருக்குது."

"இதுக்கு லாந்தர கட்டினு வந்திருக்கலாம்டா."

மறுநாள் காலைல வெளிச்சத்துல எறங்கி பாத்தேன். தினம் பாக்குற கார்தான், ஆனா தினம் பாக்கறதாலயே கண்ணுக்கு படல. ரெண்டு ஹெட்லைட்டும் பழைய பீங்கான் மாதிரி மங்கி, மேல் பாதி நல்லா மஞ்சளா, அங்கங்க தோல் உரிஞ்ச மாதிரி திட்டு திட்டா. உள்ள பல்பு இருக்கறதே தெரியல. 2010 மாடல் வண்டி, செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது, முன்னாடி வெச்சிருந்தவரும் நிழல்ல நிறுத்தல, நானும் நிறுத்தல. எங்க வீடு சத்துவாச்சாரில, சந்துல வண்டிய மேற்க பாத்துதான் நிறுத்த முடியும், மத்தியானம் ரெண்டு மணிலேந்து ஆறு மணி வரைக்கும் வெயில் நேரா அது மூஞ்சிலதான் அடிக்கும். அதுவும் எந்த ஊரு வெயிலு! வேலூர் வெயிலு. சுத்தி மொட்ட பாறை மலை, பகல்லாம் குடிச்ச சூட்ட ராத்திரி துப்பும். ஆத்துல தண்ணி இல்ல, மலைல மரம் இல்ல, கோட்டைல ராஜா இல்லன்னு எங்க ஊர பத்தி ஒரு பழைய சொலவடை இருக்குதே, அதுல கோயில்ல சாமி இல்லன்னும் ஒண்ணு இருந்திச்சி, 1981ல ஜலகண்டேஸ்வரர கோயிலுக்குள்ள திரும்ப வெச்சதும் அது மட்டும் பொய்யாயிடிச்சி. அந்த காலி எடத்துல "கார்ல வெளிச்சம் இல்ல"ன்னு நான் சேத்துகினேன்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைல கேட்டா ஒரிஜினல் டூம் (மூடியோட சேத்து முழு ஹெட்லைட்டு) ஜோடி 5,600 ரூபாயாம், டூப்ளிகேட் 2,800. டூப்ளிகேட்ட கைல வாங்கி பாத்தேன், பிளாஸ்டிக் நல்லா பளபளன்னுதான் இருக்குது, ஆனா உள்ள பல்பு வெளிச்சத்த ரோட்டுக்கு திருப்பற ரிஃப்லெக்டர் ஏதோ சாக்லேட் பேப்பர ஒட்டின மாதிரி இருந்திச்சி. வெச்சிட்டு வந்துட்டேன். யூடியூப்ல தான் நாலு நிமிஷத்துல டூத்பேஸ்ட் போட்டு பளிங்கு மாதிரி ஆக்கறாங்களே, அப்புறம் எதுக்கு 5,600?

டூத்பேஸ்ட் வேல செய்யுமா? செய்யும். அதுதான் பிரச்சனையே. வெள்ளை பேஸ்ட் (ஜெல்லு ஆவாது), ஈரத் துணில எடுத்து வட்டமா பத்து நிமிஷம் தேய்ச்சா துணி மஞ்சளாவும், லைட்டு பாதி தெளிஞ்சிடும். பல்லுல இருக்கற கறைய எடுக்கறதுக்குன்னு பேஸ்ட்ல நைசா ஒரு பொடி போட்டிருப்பான், சிலிக்காவோ கால்சியம் கார்பனேட்டோ, அந்த பொடி மேலாக்க தேய்ச்சி எடுக்குது, அவ்ளோதான் மேஜிக். நான் தேய்ச்சிட்டு போட்டோ எடுத்து குடும்ப குரூப்ல போட்டேன், எங்க மாமா உடனே கைதட்டுற பொம்ம அனுப்பினாரு. மூணாவது வாரம் மறுபடியும் மஞ்ச.

இதுக்கு நடுவுல ஆளாளுக்கு வைத்தியம் சொன்னாங்க. கோலா ஊத்து, தேங்கா எண்ணெ தடவு, கொசு ஸ்ப்ரே அடி, மண்ணெண்ணெ தொட்டு தொட. எண்ணெ தடவினா தெளிவா தெரியறது நெஜம்தான், கீறலுக்குள்ள எண்ணெ எறங்கி ரொப்பிடுது, அன்னிக்கி சாயந்தரத்துக்குள்ள ரோட்டு புழுதியெல்லாம் அதுல ஒட்டி பாக்க சகிக்காது. கொசு ஸ்ப்ரே சமாச்சாரம் இன்னும் மோசம், உடம்புல தடவுற சில கொசு மருந்துல டீட்னு ஒண்ணு இருக்கும், அது பிளாஸ்டிக்க கொஞ்சம் கொஞ்சமா கரைக்கும், மேல் தோல் கரைஞ்சி வழவழன்னு ஆவறதத்தான் நம்ம ஆளுங்க "க்ளீன் ஆயிடிச்சி"ன்றாங்க. தின்னர், அசிட்டோன் இதெல்லாம் கிட்டயே கொண்டு போவாதீங்க. உள்ளுக்குள்ள முடி முடியா வெடிப்பு வுடும், அப்புறம் எந்த சாமி வந்தாலும் காப்பாத்த முடியாது.

சரி, நாமதான் இன்ஜினியரிங் படிச்சவனாச்சே (மெக்கானிக்கல், நாலு அரியர், அது வேற கத), முறையா பண்ணலாம்னு மாசி மாசம் ஒரு ஞாயித்துக்கெழம எறங்கினேன். லாங் பஜார் பக்கம் ஒரு பெயிண்ட் கடைல வாட்டர் பேப்பர் வாங்கினேன். எங்க நைனா இன்னும் உப்புக்காயிதம்னுதான் சொல்லுவாரு, ஆனா மரத்துக்கு தேய்க்கற உப்புக்காயிதம் வேற, இது தண்ணில நனைச்சி தேய்க்கற கறுப்பு பேப்பர். 600, 1000, 1500, 2000 நம்பரு, நம்பர் ஏற ஏற பேப்பர் நைசு. தேய்ச்சேன், ரப்பிங் காம்பவுண்ட் (பெயிண்ட்ட தேய்ச்சி பளபளப்பாக்கற பேஸ்ட்) போட்டு பாலிஷ் பண்ணேன், மேல கார் வேக்ஸ் தடவினேன். நாலு மணி நேரம். தோள்பட்ட கழண்டுச்சி ஆனா லைட்டு இன்னா பளபளப்புன்றீங்க, ஷோரூம்லேந்து அப்பதான் எறக்கின மாதிரி. பக்கத்து வீட்டுக்காரரு "புது டூம் எவ்ளோப்பா?"ன்னு கேட்டாரு. அதுக்காக ஒரு வாரம் தெருவுல நெஞ்ச நிமித்தி நடந்தேன்.

சித்திரைல லேசா பனி மூடின மாதிரி ஆச்சி. அக்னி நட்சத்திரம் முடியறப்போ மங்கல். ஆடிப் பொறப்புக்குள்ள முன்ன இருந்தத வுட மஞ்சளா, முன்ன திட்டு திட்டா இருந்தது இப்ப முழுசா. எனக்கு அழுகையே வந்துடிச்சி. என் வீட்டுக்காரம்மா மட்டும், "நீங்க தேய்ச்சதுலதாங்க கெட்டுப்போச்சி"ன்னாங்க. நான் ஒத்துக்கல. அவங்க சொன்னது நூத்துக்கு நூறு உண்மைன்னு அப்புறமாதான் தெரிஞ்சது.

சொன்னது ஒரு பெயிண்டர் பாய். கொணவட்டத்துல பட்டறை வெச்சிருக்காரு, லாரிக்கு பெயிண்ட் அடிக்கற ஆளு. வேற வேலையா ஒரு நண்பரோட போயிருந்தேன், அப்ப என் வண்டிய பாத்துட்டு அவரா வந்து லைட்டு மேல கட்ட வெரலால தடவினாரு.

"இன்னா தம்பி, பேப்பர் போட்டு தேய்ச்சியா?"

"ஆமா பாய். நல்லாதான் வந்துச்சி, மறுபடியும் மஞ்சளாயிடுச்சி, அழுக்கு எங்கேந்துதான் வருதுன்னு தெரியல."

"அழுக்கா? யார் சொன்னது அழுக்குன்னு? இது தோலு தம்பி. வெயில்ல அது தோலு செத்துப்போயி உரியுது, நீ பாக்கி தோலையும் உரிச்சி வெயில்ல வுட்டுட்ட."

வீட்டுக்கு வந்து படிச்சி பாத்தா பாய் சொன்னதுதான் மொத்த கெமிஸ்ட்ரியும். ஹெட்லைட்டு மூடி பாலிகார்பனேட்னு ஒரு பிளாஸ்டிக், நம்ம பழைய சிடி, ஹெல்மெட் கண்ணாடி எல்லாம் அதே சாதிதான். 1953ல ஜெர்மனில பேயர் கம்பெனில ஹெர்மன் ஷ்னெல்னு ஒருத்தரு கண்டுபிடிச்சாரு, கிட்டத்தட்ட அதே சமயத்துல அமெரிக்காவுல ஜெனரல் எலக்ட்ரிக்ல டேனியல் ஃபாக்ஸ்னு ஒருத்தரும் தனியா கண்டுபிடிச்சாரு. சுத்தியல்ல அடிச்சா கூட சட்டுனு உடையாது, எடை கம்மி, எந்த வளைவுல வேணா வார்த்து எடுக்கலாம். கண்ணாடிக்கு பதிலா இது காருக்கு வந்ததுக்கு காரணம் அதான். ஆனா ரெண்டு குறை. ஒண்ணு, சுலபமா கீறல் வுழுற அளவுக்கு மேல்பக்கம் மெத்துனு இருக்கும். இன்னொண்ணு, வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிர் பட்டா அதோட அணு கட்டு அறுந்து மஞ்சளாவும். அதனால கம்பெனிலயே மேல ஒரு கடினமான கோட்டிங் போட்டு அனுப்பறான், தலமுடிய வுட மெல்லிசு, புற ஊதாவ தடுக்கற மருந்து அதுலதான் இருக்கு. முதல்ல சாவறது அந்த கோட்டிங்தான். நாம பாக்கற மஞ்ச தோலு, திட்டு, மங்கல் எல்லாம் பாதி செத்த கோட்டிங், பாதி அதுக்கு கீழ வெயில் பட ஆரம்பிச்ச பிளாஸ்டிக். நான் மாசில நாலு மணி நேரம் தேய்ச்சி எடுத்தது குத்துயிரும் கொலையுயிருமா இன்னும் கொஞ்சம் காவல் காத்துகினு இருந்த அந்த மிச்ச கோட்டிங்க. எடுத்துட்டு, பச்ச பிளாஸ்டிக்க வேலூர் கத்திரி வெயில்ல காட்டிட்டேன். மேல தடவின வேக்ஸு ரெண்டு மழை, நாலு வாஷ்ல போயிடிச்சி.

எங்க மாமா கிட்ட அந்த காலத்துல ஒரு அம்பாசிடர் இருந்திச்சி. அது ஹெட்லைட்டு கண்ணாடி. முப்பது வருஷம் வெயில்ல கெடந்தும் ஒரு நாளும் மஞ்சளாவல, கல்லடி பட்டா உடையும், அவ்ளோதான், உடைஞ்சா மாத்துவாரு. இத சொன்னா "அந்த காலமே தனி"ன்னு மாமா ஆரம்பிச்சிடுவாரு. அந்த வண்டி கதவு ஒரு மழைல கூட ஒழுகாம இருந்ததில்லன்றத மட்டும் மறந்துடுவாரு.

வெளிச்சம் எவ்ளோ கொறையுதுன்னும் தேடி பாத்தேன். அமெரிக்காவுல ஏஏஏன்னு ஒரு பெரிய மோட்டார் சங்கம் 2018ல இத டெஸ்ட் பண்ணி வெளியிட்டிருக்காங்க. நல்லா மங்கி மஞ்சளான லைட்டு, லோ பீம்ல புது லைட்டு தர்ற வெளிச்சத்துல 22 சதவீதம்தான் தருதாம். அஞ்சுல ஒரு பங்கு! நைனா கேட்ட லாந்தர் ஒண்ணும் தப்பான கணக்கு இல்ல. அத தேய்ச்சி சரி பண்ணா 70 சதவீதம் வரைக்கும் திரும்ப வருதாம். புதுசு மாதிரி ஆவாதுன்றதும் அதுலயே இருக்கு, ஆனா 22 எங்க 70 எங்க.

சில பேரு இதுக்கு பல்ப மாத்தறாங்க, நானும் மாத்தலாம்னு இருந்தேன். சாதாரண எச்4 பல்பு (ஹை பீமும் லோ பீமும் ஒரே பல்புல வர்றது) ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55 வாட்ஸ், அத எடுத்துட்டு 100/90 போடுவாங்க. மங்கின மூடிக்குள்ள எவ்ளோ வாட்ஸ் போட்டாலும் அந்த வெளிச்சம் ரோட்டுக்கு போவாது, மூடிலயே செதறி எதிர்ல வர்றவன் கண்ணுல குத்தும், கூடவே ஹோல்டர் உருகும், ரிஃப்லெக்டர் வெந்து கறுக்கும். ரிஃப்லெக்டர் வெந்துட்டா வெளிய நீ தேய்ச்சி என்ன பிரயோஜனம்.

அப்புறம் உடனே பண்ணேனான்னா இல்ல. மழ வந்திச்சி, ஐப்பசி போச்சி, சோம்பேறித்தனம். வண்டிக்கு 15 வருஷம் முடிஞ்சி ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல காட்டணும்னு தேதி நெருங்கினதும்தான் உடம்பு வணங்கிச்சி. மறுபடியும் ஒரு மாசி மாச ஞாயிறு. இந்த வாட்டி பாய் சொன்னத அப்படியே பண்ணேன், அதத்தான் கொஞ்சம் விரிவா எழுதப்போறேன், இதுல ஒண்ண வுட்டாலும் என் கதிதான்.

காலைல ஏழு மணிக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடணும், வெயில் ஏறிட்டா தண்ணி தேய்க்கறதுக்குள்ளயே காயும். ஷாம்பூ தண்ணி போட்டு கழுவி தொடைச்சிட்டு பானெட்ட தெறந்து வெச்சிக்கணும், மூடி வெச்சா மேல் ஓரத்துக்கு கை போவாது, மஞ்சளு அதிகமா இருக்கறதே அந்த மேல் ஓரத்துலதான். சுத்தி பெயிண்ட் இருக்கற எடத்துல மாஸ்கிங் டேப்ப ரெண்டு சுத்து ஒட்டணும். நான் முதல் தபா ஒரு சுத்துதான் ஒட்டினேன், பம்பர்ல பெயிண்ட் பத்து ரூபா காசு அளவுக்கு போயிடிச்சி, இன்னும் இருக்குது, யாரும் கேட்டா எவனோ பார்க்கிங்ல ஒரசிட்டான்னு சொல்லிகினு இருக்கேன்.

600 நம்பர் பேப்பர அரை மணி நேரம் தண்ணில ஊற வெச்சி, ஒரு ரப்பர் துண்ட சுத்தி புடிச்சிக்கணும் (வெரலால அழுத்தினா வெரல் வெரலா பள்ளம் வுழும், நான் பழைய செருப்பு அடிய வெட்டி வெச்சிகினேன்). பக்கத்துல பக்கெட்டு, ஒரு கையில கப்பு, தண்ணிய ஊத்திகினே இருக்கணும். முதல்ல வர்ற தண்ணி மஞ்சளா மோர்க்கொழம்பு மாதிரி வழியும். அதான் செத்த கோட்டிங். அது வெள்ளையா பால் மாதிரி மாறுற வரைக்கும் வுடக்கூடாது. இங்கதான் எல்லாரும் தப்பு பண்றது, அஞ்சு நிமிஷம் தேய்ச்சிட்டு கை வலிக்குதுன்னு அடுத்த நம்பருக்கு போயிடுவாங்க, பாதி கோட்டிங் உள்ள திட்டா நின்னுடும், அப்புறம் 2000 போட்டாலும் 3000 போட்டாலும் அந்த திட்டு போவாது. ஒரு லைட்டுக்கு 600லயே எனக்கு முப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சி. முடிக்கறப்போ லைட்டு முழுக்க ஒரே மாதிரி, பாத்ரூம் ஜன்னல் கண்ணாடி மாதிரி வெள்ளையா இருக்கணும். இந்த நெலமைல பாத்தா வயிறு கலங்கும். எங்க நைனா திண்ணைல ஒக்காந்து பேப்பர் படிச்சிகினு இருந்தவரு, கண்ணாடிய எறக்கிட்டு பாத்து, "இருந்ததும் போச்சா?"ன்னாரு.

அப்ப நான் ஒரு கப்பு தண்ணிய எடுத்து லைட்டு மேல ஊத்தினேன். தண்ணி வழியற அந்த ரெண்டு செகண்டு, உள்ள பல்பு, ரிஃப்லெக்டர், கம்பெனி முத்திரை எல்லாம் அப்படியே தெரிஞ்சிது. தண்ணி வடிஞ்சதும் மறுபடியும் வெள்ளை. பாய் சொல்லிக் குடுத்த பரிட்சை இது. அந்த கீறல எல்லாம் தண்ணி ரொப்பிடுது, அதனால தெரியுது, செத்த கோட்டிங்குக்கு பதிலா மேல அடிக்கப்போற க்ளியரும் (நெறமில்லாத பெயிண்ட்) அதேதான் பண்ணும். தண்ணி ஊத்தி தெளிவா தெரிஞ்சா க்ளியர் அடிச்சாலும் தெளிவா தெரியும், தண்ணி ஊத்தியும் எங்கயாவது மஞ்சளாவோ மங்கலாவோ இருந்தா அந்த எடத்துல இன்னும் தேய்க்கணும். நைனா எழுந்து வந்து கப்ப வாங்கி அவரே ரெண்டு தபா ஊத்தி பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம திரும்பிப் போயி ஒக்காந்துகினாரு.

அப்புறம் 1000. 600ல இடம் வலமா தேய்ச்சிருந்தா 1000ல மேலேந்து கீழ தேய்க்கணும், அப்பதான் பழைய கோடு போச்சா இல்லியான்னு தெரியும். கடைசியா 1500, அதோட நிறுத்திடணும். முதல் தபா 2000 வரைக்கும் போயி, காம்பவுண்ட் போட்டு, பாலிஷும் பண்ணேன்ல, இந்த தபாவும் அப்படித்தான் பண்ணணும்னு நெனச்சிகினு இருந்தேன். பாய்தான் திட்டினாரு. "நல்லா வழுக்கற மாதிரி பாலிஷ் பண்ணிட்டா க்ளியர் எத்த புடிச்சிகினு நிக்கும்? சுவருக்கு சுண்ணாம்பு அடிக்கறப்போ பளிங்குல அடிப்பியா?" காம்பவுண்ட்ல வேற எண்ணெ இருக்கும், அது மேல க்ளியர் அடிச்சா மீன் கண்ணு மாதிரி குழி குழியா வுழும். பாலிஷ் பண்ணி நிறுத்தறதுன்னா வேற வழி, க்ளியர் அடிக்கறதுன்னா வேற வழி, ரெண்டையும் கலக்கக் கூடாது.

நல்லா கழுவி காய வெச்சி, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைச்ச துணில ஒரு தபா தொடைச்சேன். மொபைல் சர்வீஸ் பண்ற கடைங்க போர்டு தொடைக்க வெச்சிருப்பாங்க, அவங்களுக்கு சப்ளை பண்ற கடைலயே சின்ன பாட்டில் கெடைக்கும். பழைய டேப்ப கிழிச்சிட்டு புதுசு ஒட்டி, பானெட், பம்பர், டயர் எல்லாத்தயும் நியூஸ் பேப்பர் போட்டு மூடினேன். வேலூர் பதிப்பு நாலு நாள் பேப்பர் காலி.

இப்ப க்ளியர். நான் வாங்கினது டூ-கே (ரெண்டு பொருள் கலக்கற) க்ளியர் ஸ்ப்ரே டின்னு, கெட்டியாக்கற ஹார்டனரும் உள்ளயே இருக்கும், டின்னு அடில ஒரு பட்டன் இருக்கு, அத குத்தினா உள்ள கலக்கும், கலந்துட்டா அடுத்த நாளுக்குள்ள கெட்டியாயிடும், அதனால எல்லா வேலயும் முடிச்சிட்டுதான் குத்தணும். புற ஊதாவ தாங்கற க்ளியரான்னு டின்னுல பாத்து வாங்குங்க. விளையாட்டா எழுதிகினே வந்தேன், இந்த எடத்துல மட்டும் சீரியஸா சொல்றேன்: அந்த ஹார்டனர்ல ஐசோசயனேட்னு ஒண்ணு இருக்கு, மூச்சுல போனா நுரையீரலுக்கு ஆவாது, ஆஸ்துமாவே வர வைக்கும். கொரோனாவுக்கு போட்ட துணி மாஸ்க், நீல மாஸ்க் எதுவும் இதுக்கு ஒதவாது. பாய் அவரோட ஃபில்டர் டப்பா வெச்ச மாஸ்க்க குடுத்தாரு, கையுற போட்டுகினு, கண்ணாடி மாட்டிகினு, வெட்ட வெளில, பசங்கள எல்லாம் உள்ள அனுப்பிட்டுதான் அடிச்சேன். மாஸ்க் கெடைக்கலன்னா தேய்க்கறத மட்டும் வீட்ல பண்ணிட்டு அடிக்கறதுக்கு பட்டறைக்கு எடுத்துனு போயிடுங்க, கஷ்டமானது தேய்க்கறதுதான், அடிக்கறது பத்து நிமிஷ வேல.

முதல் கோட் மெல்லிசா, பனி வுழுந்த மாதிரி. பத்து நிமிஷம் கழிச்சி ரெண்டாவது கொஞ்சம் ஈரமா. அடிக்க அடிக்க அந்த வெள்ளை பாத்ரூம் கண்ணாடி தண்ணி ஊத்தின மாதிரி தெளிஞ்சி வரும் பாருங்க, ஆனா இந்த தபா வடியாது, அப்படியே நிக்கும். நான் தனியா நின்னு சிரிச்சேன். அந்த சந்தோஷத்துலதான் மூணாவது கோட்ட வலது பக்க லைட்டுல ஆசைக்கு ரெண்டு இழுப்பு கூட இழுத்துட்டேன், கீழ் ஓரத்துல மெழுகுவர்த்தி மாதிரி ஒரு சொட்டு ஒழுகி நின்னுடிச்சி. உடனே துணிய எடுத்து தொடைக்க போனேன், நல்லவேள போன்ல பாய் இருந்தாரு. "கை வெக்காத! காயட்டும்." ரெண்டு நாள் கழிச்சி அந்த சொட்ட மட்டும் 2000 பேப்பர்ல மெல்ல எடுத்துட்டு காம்பவுண்ட் போட்டேன், இப்ப தேடினாதான் தெரியும்.

மொத்த செலவு பேப்பரு, டேப்பு, ஆல்கஹாலு, க்ளியர் டின்னு எல்லாம் சேத்து 1,300 ரூபாய்க்கு உள்ளதான். பாய்க்கு ஆம்பூர் பிரியாணி வாங்கி குடுத்தது தனி, அவரு காசு வாங்க மாட்டேன்னுட்டாரு. இன்னொண்ணு, மங்கல் வெளிப்பக்கம் இருந்தாதான் இதெல்லாம். உள்பக்கம் தண்ணி கோத்து பனி புடிச்சிருந்தா மேல எவ்ளோ தேய்ச்சாலும் போவாது, சீலு போயிருக்கும், இல்லன்னா பின்னாடி ரப்பர் மூடி கழண்டிருக்கும், அத மொதல்ல பாருங்க. நகத்தால மேல சொரண்டி பாத்தாலே தெரிஞ்சிடும் எந்தப் பக்கம்னு.

ஆர்.சி. வேல முடிஞ்சி வந்திச்சி. சித்திரை போச்சி, கத்திரி போச்சி, வண்டி அதே சந்துல அதே மேற்க பாத்துதான் நிக்குது. நேத்து கழுவறப்போ வெள்ளை பேப்பர ஒண்ண பக்கத்துல புடிச்சி பாத்தேன், மஞ்ச இல்ல. பழைய கோட்டிங் கம்பெனில போட்டது, அதுவே செத்துது, இதுவும் ஒரு நாள் சாவும்தான், அதுக்கு ரெண்டு வருஷம் ஆவுதா மூணு வருஷம் ஆவுதான்னு பாப்போம். மத்தியானத்துல ஒரு பழைய அட்டைய மேல சாத்தி வெக்கறேன், தெருவுல சிரிக்கறாங்க, சிரிக்கட்டும்.

போன வாரம் மறுபடியும் திருவண்ணாமலை போயிட்டு ராத்திரி அதே ரோட்டுல வந்தோம். கண்ணமங்கலத்துக்கு முன்னாடி ஒரு நாய் ரோட்ட தாண்டறது ரொம்ப தூரத்துலயே தெரிஞ்சி நிதானமா வேகத்த கொறைச்சேன். பின் சீட்லேந்து சத்தமே இல்ல, நைனா தூங்கிகினு இருந்தாரு.

இடது பக்க லைட்டுல நடுவுல ஒரு கொசு இருக்கு. க்ளியர் ஈரமா இருக்கறப்போ வந்து ஒக்காந்தது, காலு ஆறும் ரெக்கையும் எல்லாம் அப்படியே தெளிவா தெரியுது. எங்க பொண்ணு அதுக்கு பேரு வெச்சிருக்கா. எடுக்கணும்னா மறுபடியும் 600லேந்து ஆரம்பிக்கணும், அதனால இருக்கட்டும்னு வுட்டுட்டேன்.